டோரிஸ் மில்லருக்குக் கடற்படை தந்ததும் தராததும்

அமெரிக்கா தன் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு யார் பெயரை வைக்கிறது என்று பார்த்தால், அந்த நாடு யாரையெல்லாம் பெரியவர்களாக நினைக்கிறது என்பது புரிந்துவிடும். வாஷிங்டன், லிங்கன், ஐசனோவர், ட்ரூமன், கென்னடி, ரீகன் என்று பெரும்பாலும் அதிபர்கள். நிமிட்ஸ் என்ற அட்மிரல். கடற்படைக்குப் பல காலம் பணம் வாங்கித் தந்த கார்ல் வின்சன், ஜான் ஸ்டென்னிஸ் என்ற இரண்டு நாடாளுமன்றப் பெருந்தலைகள். 2020 ஜனவரி 20 அன்று, மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளில், இந்த வரிசையில் ஒரு சமையல்காரரின் பெயரும் சேர்ந்தது. சிவிஎன்-81 என்ற எண் கொண்ட கப்பலுக்கு டோரிஸ் மில்லர் என்று பெயர் வைக்கப்போவதாகக் கடற்படை, 1941-ல் ஜப்பான் தாக்கிய ஹவாய்த் துறைமுகமான பேர்ல் ஹார்பரில் அறிவித்தது. விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஒரு கறுப்பினத்தவரின் பெயரை வைப்பது அதுதான் முதல் தடவை. அதிகாரியாக இல்லாத சாதாரண மாலுமி ஒருவரின் பெயரை வைப்பதும் அதுதான் முதல் தடவை.

வின்சனும் ஸ்டென்னிசும் 1956-ல் தென்மாநில உறுப்பினர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்கலாம் என்ற தீர்ப்பை எதிர்த்த அறிக்கை அது. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் மில்லரின் பெயர் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் கப்பலுக்குப் பெயர் வைத்ததோடு கணக்கு தீர்ந்துவிட்டது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு மரியாதையையும் வெளியில் இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார்கள். அப்படிக் கொடுத்தபோதும் கடற்படை பதக்கத்தைத்தான் கொடுத்தது. அவர் செய்த வேலையை மாற்றவில்லை.

மில்லர் 1919 அக்டோபர் 12 அன்று டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். நாலு மகன்களில் மூன்றாமவர். அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, 1916 மே மாதம், ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயது கறுப்பினப் பையனை வேக்கோ நகர மண்டபத்துக்கு எதிரில், ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்க்க, உயிரோடு கொளுத்தினார்கள். அதைப் படம் எடுத்து அஞ்சலட்டையாகவும் விற்றார்கள். அந்த ஊரில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளைக்கு எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. மில்லர் நல்ல உயரம், நல்ல உடம்பு. பள்ளியில் ஃபுட்பால் ஆடினார். அப்பாவுக்கு வயலில் உதவினார். வேறு வேலை கிடைக்காத நிலையில், 20 வயது நிறையும் முன்பே, 1939 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தார்.

சேர்ந்தது ‘மெஸ் அட்டெண்டன்ட்’ வேலைக்கு. அப்போது கறுப்பினத்தவருக்கு வேறு வேலை கொடுப்பதே கிடையாது. இதற்குக் கொஞ்சம் பின்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் கறுப்பின மாலுமிகள் வெள்ளையரோடு சேர்ந்தே பாய்மரம் ஏறினார்கள், பீரங்கி இயக்கினார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டப்பட்டார்கள். 1919-ல் அவர்களைப் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். 1932-ல் கதவு மறுபடி திறந்தபோது, சமையல்கட்டுக்கும் அதிகாரிகளின் சாப்பாட்டு அறைக்கும் போகும் வழி மட்டும்தான் திறந்தது. அதிகாரிக்குப் படுக்கை விரிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, மேசையில் பரிமாறுவது, அழுக்குத் துணியை எடுத்துப்போவது, இதுதான் மெஸ் அட்டெண்டன்ட் வேலை. கப்பலில் பிறந்து வளர்ந்தவன்போல் கடலைத் தெரிந்தவனாக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது.

இதை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1940-ல் ஃபிலடெல்ஃபியா என்ற போர்க்கப்பலில் இருந்த 15 மெஸ் அட்டெண்டன்ட்கள் சேர்ந்து, கறுப்பினத்தவர் நடத்திய பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். கறுப்பினத் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளைக் கடற்படைக்கு அனுப்பாதீர்கள், இங்கே அவர்கள் கடலில் மிதக்கும் ஓட்டல் பையன்களாகவும் பாத்திரம் கழுவுகிறவர்களாகவும்தான் இருப்பார்கள் என்பது அதன் சாரம். கடிதம் அச்சில் வந்தது. எழுதியவர்களைக் கடற்படை வெளியே அனுப்பியது. மில்லர் அதற்கு முன்பே வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் பணியில் இருந்தார். அந்தக் கப்பலின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் அவர்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய முரண்பாடு இருந்தது. போர்க்கப்பலில் சண்டை மூண்டால் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. சமையல்காரருக்கும் உண்டு. மில்லருக்கு ஒதுக்கியிருந்த இடம் கப்பலின் நடுப்பகுதியில் இருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் வெடிமருந்து அறை. குண்டுகளை எடுத்து மேலே அனுப்ப வேண்டும். வெடித்தால் முதலில் சாகக்கூடிய இடம் அது. அங்கே நிற்க அவரை நம்பினார்கள், மேலே பீரங்கியைப் பிடிக்க நம்பவில்லை. துணிச்சல் இல்லாத இனம், இயந்திரம் தெரியாத இனம் என்று கடற்படை சொன்ன காரணம் எதுவும் உண்மையல்ல என்பது அந்த ஒதுக்கீட்டிலேயே தெரிகிறது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானிய விமானங்கள் தாக்கிய அந்தக் காலையில் வெஸ்ட் வர்ஜீனியா பேர்ல் ஹார்பரில் நின்றிருந்தது. மில்லர் காலை உணவு பரிமாறி முடித்துவிட்டு அதிகாரிகளின் துணிகளைச் சலவைக்குச் சேகரித்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் சில நிமிடம் முன்பு முதல் டார்பிடோ கப்பலைத் தாக்கியது. அபாய ஒலி கேட்டதும் தன் வெடிமருந்து அறைக்கு ஓடினார். டார்பிடோ அதை ஏற்கெனவே சிதைத்துவிட்டிருந்தது. சரி, வேறு எங்கே ஆள் வேண்டுமோ அங்கே போகலாம் என்று கப்பலின் வழிகள் சந்திக்கும் இடத்துக்கு வந்து நின்றார். தகவல்தொடர்பு அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ஜான்சன் அவருடைய உடல்வாகைப் பார்த்து, மேலே வா, கேப்டனைத் தூக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்.

கேப்டன் மெர்வின் பென்னியன் மேல்தளத்தில் அடிவயிறு கிழிந்து கிடந்தார். பக்கத்தில் நின்ற டென்னசி கப்பலில் விழுந்த குண்டின் சிதறல் அவரைத் தாக்கியிருந்தது. மில்லரும் இன்னொருவரும் அவரைத் தூக்கி, கண்ணில் படாத, கொஞ்சம் மறைவான இடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்கு மேல் இறக்கிக் கொண்டுபோக முடியவில்லை. சுற்றிலும் நெருப்பு, எண்ணெய்ப் புகை. கேப்டன் அந்த நிலையிலும் சண்டை எப்படிப் போகிறது என்று கேட்டு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் ஆளில்லாமல் நின்றன. பாயின்ட் ஃபிஃப்டி பிரௌனிங் வகை. லெப்டினன்ட் ஃபிரெட்ரிக் ஒயிட் என்ற அதிகாரி, மில்லரையும் இன்னொரு இளம் அதிகாரியையும் அங்கே கூட்டிப்போய்த் தோட்டாப் பட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டினார். மில்லர் தோட்டா எடுத்துக் கொடுப்பார் என்பதுதான் ஒயிட்டின் எண்ணம். ஒரு கணம் வேறு பக்கம் திரும்பிவிட்டுப் பார்த்தால், மில்லர் ஒரு துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒயிட் தடுக்கவில்லை. இரண்டு துப்பாக்கிகளுக்கும் அவரே தோட்டா நிரப்பிக் கொடுத்தார். தடையை எழுதிவைத்த அதிகாரவர்க்கம் வாஷிங்டனில் இருந்தது. எரிகிற கப்பலில் நின்ற அதிகாரிக்கு அது நினைவுக்கே வரவில்லை போலும்.

பிறகு ஒரு பேட்டியில் மில்லர், அது ஒன்றும் கஷ்டமாக இல்லை, விசையை இழுத்தேன், நன்றாக வேலை செய்தது என்று சொன்னார். மற்றவர்கள் அந்தத் துப்பாக்கியை இயக்குவதைப் பார்த்திருக்கிறாராம். பதினைந்து நிமிடம் சுட்டிருப்பேன், ஒரு விமானத்தை அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன் என்றார். ‘நினைக்கிறேன்’ என்றுதான் சொன்னார். பத்திரிகைகள் பிறகு அதை இரண்டு, நாலு, ஆறு என்று ஏற்றிக்கொண்டே போயின. அவர் சுட்டு ஒரு விமானமாவது விழுந்ததா என்பதை யாரும் உறுதிப்படுத்தியதில்லை. வானம் முழுக்கப் பல கப்பல்களில் இருந்து சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எந்தத் தோட்டா எதை வீழ்த்தியது என்று யார் சொல்ல முடியும்? பதக்கத்துக்கான சான்றுரையிலும் விமானம் வீழ்த்தியதாக ஒரு வார்த்தை கிடையாது.

அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து இந்த எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் அவருக்கு நல்லது செய்யவில்லை என்பேன். ஆதாரமுள்ள பகுதியே போதுமான அளவு பெரியது. தோட்டா தீர்ந்த பிறகு அவர் மறுபடி கேப்டனிடம் போய், அடர்ந்த புகையில் இருந்து அவரை மேலே தூக்கிப்போக உதவினார். கேப்டன் அங்கேயே இறந்தார். அதன்பின் மில்லர் கீழே வந்து, எண்ணெயும் தண்ணீருமாக வெள்ளம் புகுந்த தளத்தில் காயம்பட்டவர்களை ஒவ்வொருவராக இழுத்துப் பாதுகாப்பான பக்கம் சேர்த்தார். இவர் இல்லையென்றால் இறந்திருக்கக்கூடிய பலரைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காப்பாற்றினார் என்று உயிர்தப்பிய மூத்த அதிகாரி தன் அறிக்கையில் எழுதினார். வெஸ்ட் வர்ஜீனியாவில் மட்டும் 106 பேர் இறந்தார்கள். கப்பல் கவிழாமல் நேராகவே துறைமுகத் தரையில் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம். 1942 தொடக்கத்தில் கடற்படை வெளியிட்ட பாராட்டுப் பட்டியலில், பெயர் குறிப்பிடப்படாத ஒரு ‘நீக்ரோ’ இருந்தார். வெள்ளை வீரர்களின் பெயர்கள் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தன. இவருக்கு மட்டும் பெயர் இல்லை. பெயரைச் சொல் என்று பிட்ஸ்பர்க் கூரியரும் கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியும் வாரக்கணக்கில் கேட்டன. மார்ச் மாத நடுவில்தான் மில்லரின் பெயர் வெளியே வந்தது.

உடனே நாடாளுமன்றத்தில் நியூயார்க்கின் ஜேம்ஸ் மீடும் மிச்சிகனின் ஜான் டிங்கலும், அவருக்கு நாட்டின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானரைக் கொடுக்க மசோதா கொண்டுவந்தார்கள். கடற்படைச் செயலர் ஃபிராங்க் நாக்ஸ் ஒரு பாராட்டுக் கடிதம் போதும் என்றார். ஏப்ரல் 1 அன்று கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். அந்தக் கடிதத்தோடு நின்றிருந்தால் இன்று மில்லர் யார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கூட்டங்களும் தலையங்கங்களும் நிற்கவில்லை. மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் நேவி கிராஸ் பதக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். 1942 மே 27, பேர்ல் ஹார்பரில் நின்ற என்டர்பிரைஸ் கப்பலின் தளத்தில், பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் தன் கையால் அதை மில்லரின் சட்டையில் குத்தினார். இருவருமே டெக்சஸ்காரர்கள். இந்தப் போரில் பசிபிக் கடற்படையில் இவருடைய இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இவ்வளவு பெரிய கௌரவம் கிடைப்பது இதுவே முதல்முறை என்று நிமிட்ஸ் சொன்னார்.

இன்று நேவி கிராஸ் கடற்படையின் இரண்டாவது உயர்ந்த வீரப்பதக்கம். அன்று அது மூன்றாம் இடத்தில் இருந்தது. 1942 ஆகஸ்டில்தான் ஒரு சட்டம் வரிசையை மாற்றியது. மில்லர் வாங்கியது அந்த மாற்றத்துக்கு முன்பு.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. கறுப்பினத்தவரை மெஸ் பிரிவைத் தவிர வேறெங்கும் சேர்க்கக்கூடாது என்று கடற்படையின் மூத்த அதிகாரிகள் அடங்கிய ஆலோசனைக் குழுவான ஜெனரல் போர்டு 1942 பிப்ரவரியில் பரிந்துரைத்திருந்தது. ரூஸ்வெல்ட் அதை ஏற்கவில்லை. ஜூன் 1 முதல் பொதுப் பணிகளிலும் சேர்க்கப்படுவார்கள் என்று ஏப்ரல் 7 அன்று அறிவிப்பு வந்தது. மில்லரால் மட்டுமே இது நடந்தது என்று சொன்னால் அது மிகை. போர்த் தொழிற்சாலை வேலைகளுக்காகக் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் 1941-ல் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்தப்போவதாக எச்சரித்ததில் இருந்தே அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் கறுப்பினத்தவரால் சண்டை போட முடியாது என்ற வாதத்துக்கு எதிராகக் கையில் காட்டுவதற்கு ஒரு பெயரும் ஒரு முகமும் அந்த மார்ச் மாதம் கிடைத்தன. இயக்கங்களுக்கு அதுதான் தேவைப்பட்டது.

புதிதாகத் திறந்த வாசலும் பாதி வாசல்தான். கிரேட் லேக்ஸ் பயிற்சித்தளத்தில் கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம். அதற்கு ராபர்ட் ஸ்மால்ஸ் பெயர். உள்நாட்டுப் போரில், 1862-ல், அடிமையாக இருந்தபோதே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் எதிரியின் கப்பலைக் கடத்திக்கொண்டு தன் குடும்பத்தோடு தப்பியவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயரில் முகாம் வைத்துவிட்டு, அதில் பயின்றவர்களைப் பெரும்பாலும் கரையிலும் துறைமுகப் படகுகளிலுமே வேலைக்கு வைத்தார்கள்.

மில்லர் அந்தப் பாதி வாசலுக்குள்ளும் வரவில்லை. பதக்கம் குத்திய பிறகும் மெஸ் பிரிவிலேயே இருந்தார். வெள்ளை வீரர்களை ஊர் ஊராக அழைத்துப்போய்ப் போர்க்கடன் பத்திரம் விற்க வைத்தபோது, இவரை ஏன் கூப்பிடவில்லை என்று கூரியர் மறுபடி குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 1942 நவம்பர் கடைசியில்தான் அவர் தாய்நாட்டுக்கு வந்தார். ஓக்லாண்ட், வேக்கோ, டல்லஸ் என்று போய்ப் பேசினார். 1943 ஜனவரியில் கிரேட் லேக்ஸ் முகாமில், சமையல்கட்டைத் தாண்டிய வேலைக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர்கள் முன்னால் நின்றார். அவர்களுக்குக் கிடைத்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அதே வருடம் பதக்கத்தோடு அவர் நிற்கும் படத்தைப் போட்டு அரசு ஒரு பிரசாரச் சுவரொட்டி அச்சிட்டது. ‘கடமைக்கு அப்பாலும்’ என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சுவரொட்டியில் இருந்தவரின் பதவி 1943 ஜூனில் மூன்றாம் நிலைச் சமையல்காரர். அவருக்குக் கிடைத்த கடைசிப் பதவி உயர்வும் அதுதான்.

நாலு வருடம் பணியாற்றிய, சண்டையில் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிக் காட்டிய, நேவி கிராஸ் வாங்கிய ஒருவரைப் பீரங்கிப் பயிற்சிக்கு அனுப்ப என்ன தடை? நிறம் ஒன்றுதான். ஒருவரை அனுப்பினால் எல்லோரையும் அனுப்ப வேண்டிவரும் என்ற பயம்தான். அவரைத் தனி மனிதராகப் பாராட்டுவது கடற்படைக்குச் சுலபமாக இருந்தது. அவர் செய்ததில் இருந்து ஒரு பொது முடிவுக்கு வருவதுதான் கஷ்டமாக இருந்தது.

மில்லர் மட்டுமல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ கப்பலின் மெஸ் அட்டெண்டன்ட் லியோனார்ட் ஹார்மன், 1942 நவம்பரில் குவாடல்கனால் சண்டையில் காயமடைந்த சக வீரரைத் தன் உடம்பால் மறைத்து உயிர்விட்டார். என்டர்பிரைஸ் கப்பலின் சமையல்காரர் வில்லியம் பிங்க்னி அதற்கு முந்தைய மாதம், குண்டு விழுந்து எரிந்த பகுதியில் இருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இருவருக்கும் நேவி கிராஸ் கிடைத்தது. இருவருமே சமையல்கட்டுப் பிரிவு. அந்தப் பிரிவில் வீரம் இருக்கிறது என்பதற்குக் கடற்படையிடமே சாட்சிகள் குவிந்துகொண்டிருந்தன.

1943 நவம்பர் 24 விடியற்காலை. கில்பர்ட் தீவுகளில் மாக்கின் பவளத்தீவுக்கு அருகில், மில்லர் அப்போது பணியில் இருந்த லிஸ்கம் பே என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-175 டார்பிடோவால் தாக்கியது. விமானக் குண்டுகள் அடுக்கியிருந்த கிடங்கு ஒரேயடியாக வெடித்தது. 23 நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. சுமார் 640 பேர் இறந்தார்கள், 272 பேர் பிழைத்தார்கள். மில்லர் பிழைத்தவர்களில் இல்லை. வயது 24. காணாமல்போனார் என்ற தகவல் வேக்கோவில் இருந்த பெற்றோருக்கு டிசம்பர் 7 அன்று வந்து சேர்ந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து சரியாக இரண்டு வருடம். அதற்குச் சுமார் நாலு மாதம் கழித்து, 1944 மார்ச்சில், கடற்படையின் முதல் 13 கறுப்பின அதிகாரிகள் பதவியேற்றார்கள். ஆயுதப்படைகளில் இனப்பாகுபாட்டுக்கு முடிவுகட்டும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில். அதற்குப் பிறகும் அதிகாரிகளுக்குப் பரிமாறும் வேலையில் கறுப்பினத்தவரும் ஃபிலிப்பினோக்களுமே பல காலம் நிறைந்திருந்தார்கள்.

மில்லரின் பெயரில் 1973-ல் ஒரு ஃபிரிகேட் கப்பல் பணியில் சேர்ந்தது. வேக்கோவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்தார்கள், பிரேசோஸ் ஆற்றங்கரையில் சிலை எழுப்பினார்கள். இவை எல்லாமே நல்லவை, வேண்டியவை. பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயரையே மறைத்துவைத்த ஓர் அமைப்பு, அந்தப் பெயரைத் தன் மிகப்பெரிய கப்பலில் எழுதுவது லேசான காரியம் இல்லை.

ஆனால் 1942-ல் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. கேப்டன் பென்னியனுக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள். தகுதியானவர்தான். போர் நடந்த காலத்தில் எந்தப் படைப்பிரிவிலும் ஒரு கறுப்பினத்தவருக்குக்கூட அந்தப் பதக்கம் கொடுக்கப்படவில்லை. இது தற்செயலாக நடந்திருக்க முடியுமா என்று ராணுவம் தன்னையே கேட்டுக்கொண்டது. 1990-களில் ஷா பல்கலைக்கழகத்தை வைத்துப் பழைய கோப்புகளை ஆராய்ந்தது. அதன் விளைவாக 1997 ஜனவரியில் அதிபர் கிளின்டன் ஏழு பேருக்கு அந்தப் பதக்கத்தை அறிவித்தார். வெர்னன் பேக்கர் ஒருவர் மட்டும் அதை நேரில் வாங்க உயிரோடு இருந்தார். ஏழு பேரும் ராணுவத்தினர். கடற்படையில் இருந்து யாரும் இல்லை.

டெக்சஸ் உறுப்பினர் எடி பெர்னிஸ் ஜான்சன் மில்லருக்காக நாடாளுமன்றத்தில் பல வருடம் முயன்றார். அவரும் வேக்கோவில் பிறந்தவர். பழைய வீரச்செயலுக்கு இந்தப் பதக்கம் கொடுப்பதற்குக் காலவரம்பு இருக்கிறது. அதைத் தளர்த்த நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை, வேறு பலருக்குச் செய்திருக்கிறார்கள். புதிதாகச் சாட்சி தேடி அலையவும் வேண்டாம். மேல்தளத்தில் கூட இருந்த அதிகாரிகள் சொன்னதும், 1941 டிசம்பரில் எழுதிய கப்பலின் அறிக்கையும் இருக்கின்றன. விமானம் விழுந்ததா என்ற வாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கேப்டனைத் தூக்கியது, துப்பாக்கியைப் பிடித்தது, எண்ணெய் வெள்ளத்தில் ஆட்களை இழுத்துக் காப்பாற்றியது, இந்த மூன்றையும் அன்று பேர்ல் ஹார்பரில் மெடல் ஆஃப் ஹானர் வாங்கிய மற்றவர்களின் கோப்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். ராணுவம் செய்த அந்த மறுஆய்வைக் கடற்படையும் தன் சமையல்கட்டுப் பிரிவு முழுவதற்கும் செய்யட்டும். மில்லரோடு ஹார்மனின் கோப்பையும் பிங்க்னியின் கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.